கரைக்கு அருகே வந்த ஓட்டம்

ஒலிபெருக்கிக் கூம்பின் உள்பக்கத்தை இன்று காலை ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கல்யாண வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் போய்வரும் மற்றக் கூம்புகளில் தூசிதான் படியும். கடலோடு சேர்ந்த களப்பின் காற்றில் நாள் முழுவதும் கம்பத்தில் தொங்குகிற இந்த ஒன்றில்தான் உப்பு. இது போன வருசத்து உப்பு. இது படிந்த அன்று நீ எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போட் ஓட்டம். நீ இல்லாத முதல் ஓட்டம். ஏற்பாடெல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டியவை சில இருப்பதால் எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் என் கடைக்கு வந்தது இந்தக் கூம்பை வாடகைக்குக் கேட்டுத்தான். எங்கள் ஆட்கள் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறிய பகுதிக்குள், இங்கேயே பிறந்த பள்ளிவாசல்துறைக்காரர்கள் அவ்வளவாக வருவதில்லை. நீ மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நேரே உள்ளே வந்து, போட் ஓட்டத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வேண்டும், அத்தோடு பேசவும் ஒரு ஆள் வேண்டும் என்றாய். கல்யாண வீட்டில் வரவேற்பும் மரண வீட்டு ஜனாஸா அறிவித்தலும்தான் எனக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். அதைவிட இது லேசு, நடக்கிறதைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றாய்.

அந்த வருசம் நான் பார்த்ததைச் சொல்லவா? போட்டுகள் புறப்பட்டன. இஞ்சின் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. பிறகு அவை களப்புக்குள் இருக்கும் தீவைச் சுற்றப் போய்விட்டன. சத்தம் குறைந்தது. பிறகு சத்தமே இல்லை. கையில் மைக்கை வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்து நின்றேன். கரையில் நின்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்; போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. போட்டுகள் திரும்பி வந்தபோது முன்னால் வந்தது உன் நானாவின் போட், உன் கூடப் பிறந்த மூத்தவருடையது. அதற்கு முந்தின வருசமும் அவர்தானாம். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொரு வருசமும் ஓடுகிற அதே ஆட்கள்தானாம்.

ஸ்பீக்கரைக் கழற்றும்போது நீ வந்து எப்படி இருந்தது என்று கேட்டாய். நான் கொஞ்சம் எரிச்சலில் இருந்தேன். “ஓடுறவங்களுக்கு நல்லா இருந்திருக்கும். பாக்குறவங்களுக்கு ஒண்டும் இல்லயே. தெரியாத ஒண்ட நான் எப்படிச் சொல்றது?” என்றேன். வாடகைக்கு வந்தவன் இப்படிப் பேசினால் வேறு யாராக இருந்தாலும் முகம் மாறியிருக்கும். நீ வயரைச் சுருட்ட உதவி செய்துவிட்டுப் போய்விட்டாய். இனி இந்தப் பக்கம் கூப்பிட மாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து நீ என்னைக் கரைக்கு வரச் சொன்னாய். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நீலக் கேன்கள் கல் கட்டி மிதந்துகொண்டிருந்தன. கரையில் என்னை நிறுத்திவிட்டு, தனியாக ஒரு போட்டில் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். ஒவ்வொரு கேனிலும் போட் சரிந்து, ஒரு பக்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரும்பியது. தெறித்த நீர் என் சாரத்தை நனைத்தது. கரைக்கு வந்ததும் நீ கேட்டது ஒன்றே ஒன்று: “இப்ப தெரியுதா?”

அன்றிலிருந்துதான் இந்த ஓட்டத்துக்கு நானும் ஒரு ஆள் ஆனேன்.

பாதையை மாற்றியதோடு நீ நிற்கவில்லை. பெரிய இஞ்சின் வைத்திருப்பவன் வெல்வான் என்றால் அதைப் பார்க்கக் கரைக்கு வரத் தேவையில்லை, வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம் என்று துறைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாய். எல்லாருக்கும் ஒரே அளவான சிறிய இஞ்சின், தொழிலுக்குப் போகிற அதே போட். யாருக்கு எது என்று சீட்டுப் போட்டு எடுப்பது. உன் நானா அந்தக் கூட்டத்தில் இருந்தார். அந்தக் கரையிலேயே பெரிய இஞ்சின் அவருடையதுதான். அப்படியென்றால் அவருடைய இஞ்சினை என்ன செய்வது என்று கேட்டார். மீன் பிடிக்கப் போங்கள் என்று நீ சொன்னாய். சபை சிரித்தது. அவர் எழுந்து போய்விட்டார். பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்துகொண்டு, அதன் பிறகு நெடுநாள் அவர் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதில் நீ பட்ட வருத்தம் எனக்குத் தெரியும். ஆனால் விதியை நீ மாற்றவில்லை.

சீட்டு முறை வந்த பிறகுதான் சொந்தமாக இஞ்சின் இல்லாதவர்களும் வந்தார்கள். அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போகிற எங்கள் பகுதி இளைஞர்கள் பலர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பள்ளிவாசல்துறைக்காரர் ஒருவரின் புது இஞ்சின் சீட்டில் விழுந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற யாரோ, அகதிப் பொடியன்மாருக்கு நம்மட இஞ்சினா என்று சொன்னது என் காதில் விழுந்தது. உன் காதிலும் விழுந்தது. நீ என் கையிலிருந்து மைக்கை வாங்கினாய். சண்டை வரப் போகிறது என்று நினைத்தேன். நீ அந்தச் சுற்றில் ஓடப் போகிறவர்களின் பெயர்களை வாசித்தாய். எல்லாப் பெயரையும் ஒரே குரலில், ஒரே அளவு மரியாதையோடு. பிறகு மைக்கைத் திருப்பித் தந்தாய். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு அந்தக் கரையில் என் காதுக்கு எட்டவில்லை.

இரண்டு மூன்று வருசம் நன்றாகப் போனது. கடலை வண்டி வந்தது, ஐஸ்கிரீம் வண்டி வந்தது. முந்தல் ஊரிலிருந்து வான் வண்டி பிடித்து ஆட்கள் வந்தார்கள். பிறகு, ஓட வந்த இளைஞன் ரிபாஸின் விபத்து.

அன்று நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன். கடைசிக் கேனில் ரிபாஸ் திரும்பிய வேகத்துக்கு அலை ஒன்று குறுக்கே வந்தது. அவன் வெளியே விழுந்தான். போட் நிற்கவில்லை. ஆளில்லாத போட் தானாக வட்டம் போட்டுக்கொண்டு, அவன் நீந்திய இடத்துக்கே திரும்பி வந்தது. இஞ்சினின் விசிறி அவன் கெண்டைக்காலைக் கிழித்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். குதித்து அவனைத் தூக்கியது நீ. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கால் பழையபடி வரவில்லை. இன்றைக்கும் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான்.

பள்ளிவாசல் நிர்வாகம் கூப்பிட்டு, இது போதும் என்றது. நீ சரி என்றாய். ரிபாஸின் உம்மா சபீனா ராத்தாவின் வீட்டுக்குப் பல தடவை போனாய். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் வாசல் படலையில் நின்றுவிட்டுத் திரும்புவாய். ஒரு நாள் நானும் கூட வந்தேன். திரும்பும் வழியில் நீ சொன்னாய், “அவ கோவப்படுறது சரிதான் மச்சான். நான் போறது கோவத்த ஆத்துறதுக்கு இல்ல. ஏசணும் என்டா ஆள் முன்னால இருக்கணும்தானே.”

அடுத்த வருசம் ஓட்டம் இல்லை. அந்த வருசம் முழுக்க நீ ஒரு விசயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. இஞ்சினோடு சேர்ந்து ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஒரு நுனி இஞ்சினில், மறு நுனி ஓட்டுபவனின் மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு இஞ்சின் நின்றுவிடும். எல்லா இஞ்சினிலும் வருகிறது, யாரும் கட்டுவதில்லை. வலை இழுக்கும்போது தடுக்குகிறது என்று அதைக் கழற்றி ஒரு பக்கம் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகிவிடுவார்கள். நீயும் அப்படித்தான் செய்திருந்தாய்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, மாலை அஸர் நேரத்தில் கரைக்கு வரும்படி பெண்களுக்குச் சொல்லியனுப்பினாய். ஆண்களை வேண்டாம் என்றாய், என்னைத் தவிர. உன் மனைவி வீடு வீடாகப் போய்ப் பேசியதால்தான் அவ்வளவு பேர் வந்தார்கள். சபீனா ராத்தாவும் வந்தார். எல்லாருக்கும் பின்னால் தென்னைக்கு அருகே நின்றார். நீ மணிக்கட்டில் கயிற்றைக் கட்டினாய், எல்லாருக்கும் தெரிய கையைத் தூக்கிக் காட்டினாய், போட்டை எடுத்தாய். முழு வேகத்தில் கரையை ஒட்டி வந்து, எங்களுக்கு நேரே வந்ததும் போட்டிலிருந்து தண்ணீருக்குள் உன்னை நீயே எறிந்தாய்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அதே நேரம் இஞ்சின் நின்றது. போட் கொஞ்ச தூரம் வழுக்கிப் போய்த் தண்ணீரில் அமர்ந்தது. நீ தலையைத் தூக்கித் தண்ணீரைத் துப்பிவிட்டு நீந்தினாய்.

கரைக்கு வந்தபோது சபீனா ராத்தா முன்னால் வந்திருந்தார். “நேர ஓடக்குள்ள விழுந்தீங்க. அவன் திரும்பக்குள்ளதான் விழுந்தான்” என்றார். நீ திரும்பிப் போய், கேனைச் சுற்றித் திரும்பும் இடத்தில் மறுபடி விழுந்தாய். இந்த முறை அடி பட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அவர் உன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இந்தக் கயிறு அண்டைக்கும் இருந்ததா?”

அந்தக் கேள்விக்கு நீ வேறு எப்படியாவது பதில் சொல்லியிருக்கலாம். பழைய இஞ்சின் என்றிருக்கலாம். சீட்டில் விழுந்தது, எனக்குத் தெரியாது என்றிருக்கலாம். நீ, “ஓம் ராத்தா. இருந்திச்சு. நாங்க கட்டல்ல” என்றாய்.

தண்ணீர் உன் சட்டையிலிருந்து மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார், “இனிக் கட்டாதவன் எறங்கக் கூடாது. நான் வந்து நிண்டு பாப்பன்.”

அப்படித்தான் ஆனது. அதற்கடுத்த ஓட்டத்திலிருந்து, ஓடப் போகிற ஒவ்வொருவனும் முதலில் சபீனா ராத்தாவிடம் கையை நீட்ட வேண்டும். அவர் கயிற்றைப் பிடித்து ஒரு இழுவை இழுப்பார். மிதவைச் சட்டையின் பட்டியையும் இழுத்துப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் எவ்வளவு பெரிய ஓட்டக்காரனாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார். நோட்டீஸ் அடித்தும் வராத தாய்மார், ராத்தா நிற்கிறார் என்றதும் மகன்மாரை அனுப்பினார்கள். அனுப்பியதோடு நிற்காமல் தாங்களும் பார்க்க வந்தார்கள். கரையின் ஒரு பக்கத்தில் கிடுகுப் பந்தல் போட்டு அவர்களுக்கு இடம் ஒதுக்கினோம். இப்போது கூட்டத்தில் பெரிய பங்கு அந்தப் பந்தல்தான். என் அறிவித்தலில் பிழை விட்டால் முதலில் திருத்துவதும் அங்கிருந்துதான்.

பிறகு நாட்டில் இஞ்சினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லாத காலம் வந்தது. போட்டுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன; ஆட்கள் கேன்களோடு வரிசையில் கிடந்தார்கள். யாரோ ஒருவர் சின்னதாக ஒரு ஓட்டம் வைத்தால் மக்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். நீ மறுத்தாய். பசியோடு இருப்பவன் முன்னால் எண்ணெயை எரித்துக் காட்டக் கூடாது என்றாய். எல்லாம் சரியாகி மறுபடி தொடங்கியபோது பெயர் கொடுத்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கினார்கள். பலர் வெளிநாடு போயிருந்தார்கள். சிலர் போட்டையே விற்றிருந்தார்கள்.

அப்போதுதான் நாம் துறை துறையாகப் போகத் தொடங்கினோம். மோட்டார் சைக்கிளில் நீ முன்னால், நான் பின்னால். முந்தல் பக்கம் இறால் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களிடம் போனோம். சிலாபம் பக்கம் சிங்களம் பேசுகிற கத்தோலிக்க மீனவர்களிடம் போனோம். உன் சிங்களம் எனக்கு அதுவரை தெரியாத ஒரு ஆளாக உன்னைக் காட்டியது. அதில் நீ இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கும் பகிடிக்காரன். எங்கே போனாலும் போனவுடன் ஓட்டத்தைப் பற்றிப் பேச மாட்டாய். அவர்களுடைய இஞ்சினைப் பார்ப்பாய். பிளக்கைக் கழற்றி ஊதுவாய். தேத்தண்ணி வரும். அதற்குப் பிறகுதான் கதை. யாரும் வருவதாகச் சொல்லாத நாட்களில் நான் சோர்ந்துபோவேன். “இண்டைக்கு நம்மட முகத்தப் பாத்துட்டாங்க. இந்த வருசத்துக்கு அது போதும்” என்பாய்.

உன் நானாவிடமும் போனாய். அங்கே மட்டும் என்னைக் கூட்டிப் போகவில்லை. என்ன பேசினீர்கள் என்று நீ சொல்லவுமில்லை. அந்த வருசம் சீட்டுக்கு இஞ்சின் போதாமல் நாம் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு சிறிய இஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மணலில் வைத்தார். இதையும் சேருங்கள் என்று என்னிடம்தான் சொன்னார், உன்னிடம் அல்ல. ஆனால் அன்று பகல் சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வந்தார்.

சிலாபத்திலிருந்து வந்த முதல் ஓட்டக்காரன் அந்த வருசம் கடைசியாக வந்தான். திருப்பங்கள் அவனுக்குப் பழக்கமில்லை. முதல் ஆள் வந்து சேர்ந்ததும் நான் அவனைக் கொண்டாடிப் பேசிக்கொண்டிருந்தேன். நீ என் தோளைத் தட்டினாய். “வெண்டவன எல்லாருக்கும் தெரியும். அந்தா கடைசியா வாறான் பாரு, அவன்ட பேரச் சொல்லு. அடுத்த முறையும் வர வேண்டியவன் அவன்தான்.” நான் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். பந்தலிலிருந்து பெண்கள் கை தட்டினார்கள். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். அடுத்த வருசம் தம்பியையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

நீ போனது நோன்புக்கு முந்தின மாதம். போட்டைக் கரையேற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாயாம். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஜனாஸா அறிவித்தலைச் செய்தது நான்தான். உன் பெயரை, உன் வாப்பாவின் பெயரை, அடக்கம் செய்யும் நேரத்தைச் சொன்னேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே வாசகம்தான். சொல்லி முடித்து மைக்கை அணைத்த பிறகுதான் கதிரையில் உட்கார வேண்டியிருந்தது. சிலாபத்துக்காரர்கள் வான் பிடித்து வந்தார்கள். அடக்கம் நடக்கும் மையவாடிக்குள் வரலாமா என்று தெரியாமல் வெளியே நின்றவர்களை உன் நானா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

ஓட்டத்துக்கு உன் பெயரை வைப்பதென்று துறைக்காரர்கள் தீர்மானித்து உன் மனைவி மச்சியிடம் போனோம். மச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பேரு வேணாம். அவருக்கு ஆள் வந்தாப் போதும்” என்றார். அதனால் உன் பெயர் பெனரில் இல்லை. நீ கோபிக்க மாட்டாய் என்று தெரியும்.

இந்த வருசம் துறைகளுக்கு நான் தனியாகப் போனேன். என் சிங்களம் மோசம். இஞ்சினைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. பிளக்கைக் கழற்றி ஊதுவதற்குப் பதிலாக, பழுதாகிக் கிடந்த ரேடியோக்களைத் திருத்திக் கொடுத்தேன். தேத்தண்ணி வந்தது. சில இடங்களில் வருகிறோம் என்றார்கள், சில இடங்களில் பார்ப்போம் என்றார்கள். பெயர் கொடுத்தவர்களில் நாலில் ஒரு பங்கு நாம் முன்பு பார்க்காத ஆட்கள். நீ இருந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும். ஆனாலும் இது குறைவில்லை.

போன கிழமை முந்தலைத் தாண்டி ஒரு சின்னத் துறைக்குப் போயிருந்தேன். நாம் இருவரும் சேர்ந்து போகாத துறை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தம்பி எந்த ஊர்?” என்று கேட்டார். குழந்தையாகக் கடல் கடந்து இந்தக் கரையில் இறங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: மன்னார். என் பிள்ளைகள் இங்கே பிறந்த பிறகும் அதைத்தான் சொல்லி வந்தேன். அன்று யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

“பள்ளிவாசல்துறை. போட் ஓட்டத்துக்கு ஆள் கூப்பிட வந்தனான்.”

அவர் தலையாட்டிவிட்டு, உட்காரச் சொல்லிப் பக்கத்தில் கிடந்த வலையை ஒதுக்கினார்.